போடாத கையெழுத்து

என் அன்பான ஹால்வர்,

நீங்கள் மருத்துவமனைக்குப் போனதிலிருந்து ஏரியின் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடுவதுபோல் இருக்கிறது. இருமல் எப்படியிருக்கிறது என்று கேட்க மாட்டேன்.

நீங்கள் தந்த ஓய்வூதியப் படிவத்தை வங்கிக்குக் கொண்டுபோனேன். நான் சம்மதித்துக் கையெழுத்திட்டால் மாதாமாதம் கூடுதலாக வரும். ஆனால் உங்கள் காலத்தோடு நின்றுவிடும். பேனாவும் கையுமாகக் கனவில் நிற்பவள்போல் நின்றேன்.

“என்னக்கா, பேனால மை இல்லையா?” என்றாள், கையெழுத்துக்குச் சான்று தர அங்கே உட்கார்ந்திருந்த நோட்டரி இங்கிரிட்.

“மை இருக்கு. படிச்சது ஞாபகம் வந்துடுச்சு.”

“நீங்கல்லாம் படிச்சா என் பொழப்பு என்னாகுறது?” என்று சிரித்தாள்.

‘எனக்குச் செலவு எழுதத்தான் வரும், திட்டம் போட வராது’ என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு குளிர்காலம் நூலகத்தில் உட்கார்ந்து பணக் கணக்குப் புத்தகங்களைப் படித்த பிறகுதான், வராதது இல்லை, பழகாதது என்று புரிந்தது. இன்று பழகிப் பார்த்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. தொகை குறைந்தாலும், உங்களுக்குப் பிறகும் என் கடைசிவரைக்கும் வருகிற மற்ற வழியையே நீங்கள் எடுக்க வேண்டும்.

கோபப்படாதீர்கள். எனக்கென்று ஒதுக்கிவைத்த அந்தப் பங்கு ஒருநாளும் என் கைக்கு வரக் கூடாது என்றுதான் காலையிலிருந்து கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுடையவள்