ஓரத்துக்கு உருட்டிய முட்டை

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் பேசாமல் இருந்தது போதும்.

போன வார விருந்தில் மாட்டை அறுத்து, உங்கள் மூத்த தாரமான பெரியம்மாவின் மகன்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து இறைச்சி கொடுத்தீர்களாம். வெளியூரில் இருக்கும் மகனின் பெயரையும் சொல்லி ஒரு துண்டு எடுத்து வைப்பதுதானே நம் வீட்டு வழக்கம்? என் பெயர் மட்டும் உங்கள் வாயில் வரவில்லை என்று அம்மா போனில் சொன்னாள்.

அதே நினைப்பில் முள்கிளை எடுக்காமல், நான் வேலை பார்க்கும் பண்ணையின் நெருப்புக்கோழிப் பட்டிக்குள் போய்விட்டேன். கண்ணுக்கு நேரே முள்ளை நீட்டினால்தான் ஆண்பறவை விலகும். ஒரே உதை. தொடையில் தையல் போட்டிருக்கிறார்கள், சின்னக் காயம்தான்.

"பட்டம் வாங்குன வாத்தியாரே, முள்ளுக்குப் பதிலா புத்தகத்தையா நீட்டுனீங்க? அதுக்குப் படிக்கத் தெரியாதே" என்று மேஸ்திரி யாகோபஸ் சிரித்தான்.

இங்கே ஒரே குழியில் பல பெட்டைகள் முட்டையிடும். மூத்த பெட்டை தன் முட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஓரத்துக்கு உருட்டிவிடும். நரி முதலில் தூக்குவது அவற்றைத்தான். பெரியம்மாவை நான் குறை சொல்லவில்லை. ஓரத்தில் கிடப்பதும் அதே ஆண்பறவைக்கு உண்டான முட்டைதான். அது பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும், உங்களைப் போல.

இந்தக் காரூ பொட்டல்வெளியில் விடியற்காலைக் குளிர் தாங்கவில்லை. என் பழைய கம்பளிச் சட்டையை பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அம்மா மடித்துத் தரட்டும்.

கீழே பெயர் எழுதாமலேயே இதைத் தபாலில் போடப்போகிறேன். யார் எழுதியது என்று வீட்டில் கேட்பார்கள். அப்போது எல்லோர் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள்.