கோடு அழிந்த மனை

பாய்,

இன்று காலை புது இடத்தில் சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்ததும் அந்தக் காரமான தூள் மூக்கில் ஏறியது. உடனே நீங்கள்தான் வந்து நின்றீர்கள். போய்ச் சேர்ந்த பிறகும் என்னை நிம்மதியாக வேலை செய்ய விடுவதாக இல்லை.

நாம் கூட்டாக மனை பிரித்து வீடு கட்டி விற்கத் தொடங்கிய முதல் இடம், புதூர்நாட்டுக்கு மலை ஏறும் வழியில் இருந்தது. மனைகளைப் பிரிக்கும் சுண்ணாம்புக் கோட்டை எல்லோரும் நல்ல வெயிலில்தான் போடுவார்கள். நீங்களோ மேகம் திரளும்வரை காத்திருந்து போடச் சொன்னீர்கள். "கரைஞ்சு பூடுமே பாய்" என்று மேஸ்திரி சிரித்தார். "எங்க கரையுதுன்னு பாக்கத்தான் போட்றேன். அங்க வூடு கட்டக் கூடாது" என்றீர்கள். உங்களுக்குக் கிறுக்கு என்று நானும் நினைத்தேன்.

மழை விட்டு விடிந்ததும் போய்ப் பார்த்தோம். மற்ற மனைகளில் கோடு மங்கலாகவேனும் தெரிந்தது. ஒன்றில் மட்டும் சுவடே இல்லை. சுண்ணாம்பை வழித்துக்கொண்டு தண்ணீர் கீழூரின் கேழ்வரகு நிலங்களுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கோடையில் அங்கே ஓடை இருந்த அடையாளமே தெரியாது. அது பள்ளத்தாக்கைப் பார்த்த மூலை மனை. உங்கள் சொந்த வீட்டுக்கென்று நீங்கள் ஒதுக்கி வைத்திருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "குழாய் பதிச்சு மேல கட்டிக்கலாம் பாய். சர்வே மேப்புலயே ஓடை இல்ல. யாரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

"குழாய் அடைச்சிக்கினா கீழ இருக்கறவங்க யாராண்ட போவாங்க? நாம வித்துட்டுப் போய்டுவோம். அவங்க இங்கதான இருக்கணும்."

அதோடு சரி. மற்ற மனைகளுக்கெல்லாம் ஆள் வந்துவிட்டது. உங்களுக்கென்று நீங்கள் ஒன்றும் கட்டிக்கொள்ளவில்லை; கடைசியில் வாணியம்பாடி வாடகை வீட்டிலிருந்துதான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனோம். வாசல் குறுகல், உங்களைக் கிடத்திய சந்தூக்கைச் சாய்த்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. ஊருக்கெல்லாம் வீடு கட்டிய மனுஷனுக்கு இதுதானா என்று அன்று உங்கள்மேலேயே ஆத்திரம் வந்தது. அது எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

போன வாரம் கண்ணமங்கலத்துக்காரர் ஒருவர் அந்த மூலை மனையைக் கேட்டு வந்தார். கொடுத்துவிடலாம் என்ற நினைப்போடுதான் அழைத்துப் போனேன். முந்தைய நாள் நல்ல மழை. மண்வெட்டியோடு வந்த கீழூர்ப் பெண் ஒருத்தி, நிலத்தில் நின்ற புருஷனைப் பார்த்துக் கத்தினாள்: "யோவ், பாய் வூட்டாண்ட தண்ணி வந்துடுச்சு, மடையத் தொற!"

"எந்தப் பாய் வூடும்மா?" என்றேன்.

"இதாங்க" என்று அந்த வெற்று மூலையைக் காட்டினாள்.

"இங்க வூடே இல்லியே?"

"இன்னாமோ தெரியலீங்க. எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

அவள் உங்களைப் பார்த்ததே இல்லை, பாய். நீங்கள் போன பிறகு அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

கண்ணமங்கலத்துக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "மன்னிச்சிக்குங்க. இது ஆள் இருக்கற வூடு. விக்கறதுக்கில்லீங்க" என்றேன்.

இங்கே புது இடத்தில் கோடு போட்டு முடித்துவிட்டோம். மலைமேல் மேகம் இருட்டிக்கொண்டு வருகிறது.