திருப்பிச் சொன்னால்தான் சாமான்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்று அம்மா தன் கடிதத்தில் எழுதியிருக்கிறாள், அது முக்கால்வாசி உண்மை. நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் கடிதம் இதே உறைக்குள் இருக்கிறது, அதை முதலில் படி, மூத்தவர்களுக்கு மரியாதை. எதிர்வீட்டுத் தையல்காரரின் மகள் விடுமுறை முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறாள், காலையில் வந்து உன் பார்சலை வாங்கிக்கொள்வாள், அதனால் அம்மா உறையை இன்னும் ஒட்டவில்லை. நான் எடுத்துப் படித்துவிட்டேன், திட்டுவதானால் திட்டிக்கொள். அப்பாவின் மூட்டு வலிக்குப் பதினொரு வரி, குளியலறைக் குழாய் ஒழுகுவதற்கு ஒன்பது வரி, எனக்கு ஏழு வரி. அந்த ஏழாவது வரியில், பள்ளிக்கூடம் இந்த மாதத்தோடு முடிகிறது, அதற்குப் பிறகு அவள் வீட்டோடு இருப்பாள், நீ சொன்னதுதான் சரி என்று எழுதியிருக்கிறாள். அந்த வரிக்குப் பதில்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படுத்துவிட்டார்கள், சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இடது கைதான், மெதுவாகத்தான் வரும். எழுத்து நடுங்கியிருந்தால் பாதி கையின் குணம், பாதி பயம்.

அம்மா எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் சிறப்புப் பிரிவுப் பிள்ளைகளைக் கடைசி வருடம் வாரத்தில் மூன்று நாள் வேலை இடங்களுக்குப் பழக அனுப்புகிறார்கள், பள்ளி முடிந்ததும் சும்மா வீட்டில் போய் உட்காராமல் இருப்பதற்காக. என் பக்கத்து இருக்கைக்காரி அடுமனைக்குப் போய் அட்டைப்பெட்டி மடிக்கிறாள், ஒரு சுற்று பெருத்தும்விட்டாள். எனக்குக் கிடைத்தது பஸ் பணிமனை, அங்கே ஸ்பேர் பார்ட்ஸ் அறை. நீளமான அறை, மேற்கூரை வரைக்கும் இரும்பு அலமாரிகள், ஒவ்வொரு தட்டிலும் எண். எல்லாவற்றின் மேலும் கிரீஸ் வாசனை. ஒரு பக்கம் ஜன்னல், அதில் மெக்கானிக்குகள் வந்து சீட்டை நீட்டுவார்கள், சீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்க வேண்டும், வந்த சாமானைத் தட்டில் அடுக்கி எண் ஒட்ட வேண்டும். என் விண்ணப்பத்தில் ‘வலது கை இறுக்கம், வலது கால் இறுக்கம், பேச்சில் தெளிவின்மை, அறிவில் குறை இல்லை’ என்று நான்கு வரி இருக்கிறது. நான்காவது வரியை யாரும் படிப்பதில்லை. ஸ்டோர்கீப்பரும் படிக்கவில்லை, முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் நின்ற டீச்சரிடம், “பாப்பா டீ குடிப்பாங்களா?” என்று கேட்டார். குடிப்பேன், சர்க்கரை கம்மி என்றேன். டீச்சர் அதை அவருக்குச் சொன்னாள்.

இந்த டீச்சரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். வேலை இடத்தில் எங்களோடு கூட வந்து நிற்பதற்கென்று பள்ளி ஒருத்தியை அனுப்பும், நாங்கள் நிழல் டீச்சர் என்போம். ரொம்ப நல்லவள், அதுதான் பிரச்சினை. நான் ஒரு தட்டை அடுக்கி முடிப்பதற்குள் அவள் மூன்று தட்டு அடுக்கிவிடுவாள். ஜன்னலில் யாராவது வந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லிவிடுவாள். சாயங்காலம் நான் ஒட்டிய கோணல் எண்களையெல்லாம் உரித்து நேராக ஒட்டிவிட்டு, “உனக்கு நல்ல மார்க் வரணும்டி, அதுக்குத்தான்” என்பாள். எனக்கும் அப்போது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் இப்படியே போனது. அதன் பிறகு பள்ளியிலிருந்து ஆள் வந்து ஸ்டோர்கீப்பரிடம், இவளை வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டபோது அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “வேலையெல்லாம் சுத்தமா நடக்குது சார், குறையே இல்ல. ஆனா நான் யாருக்கு வேலை குடுக்கட்டும், இந்தப் பொண்ணுக்கா, அந்த டீச்சருக்கா?” என்று கேட்டார். நான் அங்கேதான் வாளியின் மேல் உட்கார்ந்து போல்ட் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது நியாயம். நிழல் டீச்சர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முழு வழியும் அழுதாள், நான் அவளுக்கு என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். அன்று போக வேண்டாம், வீட்டில் இரு என்று பள்ளியிலிருந்து அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது, வந்த நேரத்தில் அம்மா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். நான் செய்தியை அழித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டேன். தப்புதான், அதை நீ அம்மாவிடம் சொல்ல மாட்டாய். பஸ்ஸில் போகும்போது, இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன் அண்ணா. ஸ்டோர்கீப்பர் என்னைத் தனியாகப் பார்த்ததும் வாசலை எட்டிப் பார்த்தார், டீச்சர் வருகிறாளா என்று. வரமாட்டாள் என்றதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. சரி, வந்தது வந்தாய், ஜன்னலில் உட்கார் என்றார். பதினோரு மணிக்கு மீசைக்கார மெக்கானிக் ஒருவர் வந்து பிரேக் லைனிங் என்று எழுதிய சீட்டை நீட்டினார். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு வேறொன்று, அகலம் வேறு, துளைகள் வேறு, சீட்டில் எது என்று எழுதவில்லை. முன்சக்கரமா பின்சக்கரமா என்று கேட்டேன். “ஆமாம்மா, ஆமாம்மா” என்றார். மறுபடியும் கேட்டேன். “ரொம்ப சரி தாயி, அதேதான்” என்று சிரித்தார். அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, புரியவில்லை என்று சொன்னால் என் மனது புண்படும் என்று நினைக்கிறார் என்பதும் தெரிந்தது. மூன்றாம் முறை கேட்டிருக்க வேண்டும். எனக்கு வெட்கம், பின்னால் வேறு நான்கு பேர் நின்றார்கள். பின்சக்கரத்து லைனிங்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், முகம் முழுக்க எண்ணெய், “துளையே சேரல, யாரு இதை எடுத்துக் குடுத்தது?” என்று பணிமனை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். முன்னாடியா பின்னாடியா என்று கேட்டேன், இரண்டு முறை கேட்டேன், நீங்கள் ஆமாம் என்றீர்கள் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். முதலில் ஸ்டோர்கீப்பருக்குப் புரிந்தது. அவர் மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்து, “ஏய்யா, முன்னாடியா பின்னாடியான்னு கேட்டா ஆமான்னு ஒரு பதிலா? உன் கல்யாணத்துல பொண்ணு புடிச்சிருக்கா இல்லையான்னு கேட்டப்பவும் இப்படித்தான் சொன்னியா?” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மீசைக்காரரும் சிரித்துவிட்டார்.

அன்று மதியம் ஸ்டோர்கீப்பர் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஜன்னலுக்கு மேலே கட்டினார்: திருப்பிச் சொன்னால்தான் சாமான். நான் என்ன கேட்கிறேனோ அதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்ல வேண்டும், நான் மறுபடி சொல்வேன். இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், “பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிச்ச மாதிரி இருக்கு” என்று ஒருவர் காதுபடவே சொன்னார். நான்காம் நாள் முக்கால்வாசிப் பேருக்கு என் பேச்சு பழகிவிட்டது. நிழல் டீச்சர் காய்ச்சல் தெளிந்து வந்தபோது ஸ்டோர்கீப்பர் அவளுக்கு வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுக் கொடுத்தார், பாவம், இருக்க மாட்டாமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வருவதில்லை. என் கோணல் எண்கள் கோணலாகவே இருக்கின்றன, யாரும் சாகவில்லை. போன வாரம் ஸ்டோர்கீப்பர், உதவியாளர் வேலைக்கு இவளை எடுத்துக்கொள்கிறேன் என்று பள்ளிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னேன் அண்ணா. போன ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொன்னேன், நீ “சரிடா, சரிடா” என்றாய். கடைசியில், நான் வேலைக்குப் போவது நல்லதா, வீட்டில் இருப்பது நல்லதா என்று உன்னிடம் கேட்டேன், அதற்கும் சரிடா என்றாய். அன்றைக்குத்தான் மீசைக்காரர் மீது எனக்கு இருந்த கோபம் போயிற்று. உன்னை என்ன செய்வது?

அப்புறம் அம்மா போனை வாங்கினாள், நீ அவளிடம், “வீட்டுலயே இருக்கட்டும்மா, அவளை நான் பார்த்துக்கிறேன்” என்று சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. நீ பாசத்தில் சொன்னாய், தெரியும். ஆனால் எதைப் பார்த்துக்கொள்வாய்? நான் சோபாவில் உட்கார்ந்திருப்பதையா? அத்தை வேறு வந்து, “பொம்பளப் பிள்ளை, அதுவும் இப்படி இருக்கிற பிள்ளை, அத்தனை ஆம்பளைங்க நடுவுலயா? பகல் பராமரிப்பு மையத்துல விடுங்க, வாசலுக்கே வேன் வருது, மணி கோத்துக்கிட்டு இருக்கலாம்” என்கிறாள். ஏழு வயதிலிருந்து இந்தக் கையை வைத்துக்கொண்டு மணி கோத்திருக்கிறேன், கோத்தது போதும். அம்மாவின் பயம் வேறு. இரண்டு வருடம் முன்பு குளியலறையில் விழுந்தேனே, அன்றிலிருந்து நான் நடக்கும் சத்தம் நின்றால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கும் பயம்தான். பணிமனைத் தரையில் எண்ணெய் கொட்டிக் கிடக்கும், நான் விழத்தான் செய்வேன், ஒருமுறை விழவும் செய்தேன், எழுந்துவிட்டேன். வீட்டிலும் விழுகிறேன். விழுவதாக இருந்தால் போகிற வழியில் விழுகிறேன்.

இனிமேல்தான் விஷயம். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் கூட்டம், பள்ளிக்குப் பிறகு நான் எங்கே என்று எழுதிய படிவத்தைக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் முடிந்தது. ‘வீட்டுப் பராமரிப்பு’ என்ற கட்டத்தில் குறி போட்டு அப்பாவிடம் கையெழுத்து வாங்கி அம்மா தன் கைப்பைக்குள் வைத்திருக்கிறாள். அதை நான் தொடவில்லை, கிழிக்கவும் இல்லை. பள்ளி அலுவலகத்து எழுத்தரிடம் போய், கீழே மாணவர் அல்லது பாதுகாவலர் கையொப்பம் என்று இருக்கிறதே, அந்த மாணவர் யார் என்று கேட்டேன். அவர் என் பிறந்த தேதியைப் பார்த்தார், “போன மாசமே பதினெட்டு முடிஞ்சிடுச்சேம்மா, நீயே போடலாம், நீ போட்டா அதுதான் செல்லும்” என்று ஒரு வெற்றுப் படிவம் கொடுத்தார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னைப் போடச் சொன்னதில்லை. அதை இன்று இரவு நிரப்பினேன். வேலை என்ற கட்டத்தில் குறி போட்டேன். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே வழிந்துவிட்டது, இருக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நடந்துவிட்டது. அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். கடிதத்தை எடுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன், படிவத்தை எடுக்க நேரமில்லை, மேசை மேல் விரிந்து கிடந்தது. அவர் கண்ணாடி இல்லாமல் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்தார், மேலிருந்து கீழ் வரை படித்தார், அப்புறம் மறுபடியும் கையெழுத்தைப் பார்த்தார். அவர் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, “தேதி போடலையே” என்றார். தண்ணீரைக் குடித்தார், போய்ப் படுத்துக்கொண்டார். தேதியைப் போட்டுவிட்டேன். ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள், அண்ணா. அவர் எழுந்து வராமல் இருந்திருந்தாலும் காலையில் இந்தத் தாள் பள்ளிக்குப் போயிருக்கும். தேதி இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அம்மா உனக்குப் போன் செய்து அழுது முடித்திருப்பாள், நீயும் அவளோடு சேர்ந்து ஏதாவது சொல்லியிருப்பாய். சொன்னதை மாற்றிக்கொள்ள உனக்கு நேரம் தருகிறேன், திங்கட்கிழமை ஏழரைக்குத்தான் வேலை. உன் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை, தகவலுக்கு எழுதினேன். பார்சலில் முழங்கால் வரை வரும் காலுறை இரண்டு ஜோடி இருக்கிறது, குளிரில் போட்டுக்கொள், மூட்டையிலேயே வைத்துவிடாதே. சின்னவர்கள் ஆசீர்வதிக்கக் கூடாது என்பார்கள், நான் வேலைக்குப் போகிறவள், ஆசீர்வதிக்கிறேன். நோய் நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடு, பக்கத்தில் பேச ஆள் இருக்க, நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தானே கையெழுத்துப் போட்ட
உன் தங்கை