மண்டி மாடி ரயில்

இன்று வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு வேளையில் வழக்கம்போல் ஆபீசை விட்டு நழுவி, உங்கள் கடலை மண்டியின் பின்பக்கப் படியேறி மாடியறையின் பூட்டைத் திறந்தேன். கதவு முழுதும் திறப்பதற்குள் தையல் மிஷின் எண்ணெயின் வாசனை முகத்தில் அடித்தது. பழைய எண்ணெயின் மக்கிய வாசனை இல்லை. இரண்டு மூன்று நாளுக்குள் யாரோ விட்ட எண்ணெய். நான் நம் பொம்மை ரயில் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுப் பல வாரங்கள் ஆகின்றன.

மேசையருகே போய்க் குனிந்து பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை எஞ்சினை 'செஞ்சி' என்ற மஞ்சள் பலகைக்கு நேராக நிறுத்திவிட்டுப் போனேன். இன்று அது பலகையைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நின்றது. அதன் கரும்பச்சைப் பெயிண்டின் மேல் தூசி இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். நீ உட்காரும் காலிச் சாக்குக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு இது சிரிப்பாக இருக்கும், பாய். எலி ஓட்டியிருக்கும் என்பாய். எனக்கு அப்படிச் சிரித்துத் தள்ள வராது. நீ போன பிறகு இந்த அறையின் சாவி என்னிடமே தங்கிவிட்டது. கட்டடம் உன் அண்ணனுடையது. அவர் இதுவரை சாவியைக் கேட்கவில்லை. கேட்காததுதான் என் வியாதி. கேட்டிருந்தால் ஒரு நாள் துக்கத்தோடு போயிருக்கும். ஒவ்வொரு கடலை சீசனிலும் மூட்டைகள் கீழே இடம் கொள்ளாமல் படிக்கட்டில் ஏறத் தொடங்கும். எந்தப் படிவரை வந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டேதான் மாடிக்கு ஏறுவேன். கடைத்தெருவில் கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையாட்டினால், ஏதோ தகவல் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நடையை எட்டிப் போடுவேன். இன்று அந்த வாசனை வந்ததும், முடிந்தது, எஞ்சினை விற்பதற்கு ஆள் கூட்டி வந்து ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

சாக்குக் கட்டில் உட்கார்ந்து உன்மேல்தான் கோபப்பட்டேன். என்னை இதில் இழுத்துவிட்டவன் நீ.

பாண்டிக்குச் சரக்குப் பேசப் போனவன், திரும்பி வரும்போது மடியில் ஒரு மரப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாய். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று விட்டுப்போன வீட்டைக் காலி செய்தார்களாம். பழைய சாமான் கடைக்கு வந்த பெட்டி அது. நேராக என் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "எம்.ஏ., வெளிய வா, ஒண்ணு காட்டுறேன்" என்றாய். நான் உன்னைப் பாய் என்றேன். நீ என்னை என் பட்டத்தால் மட்டுமே கூப்பிட்டாய். அந்தப் பட்டத்தை இந்த ஊரில் யாரும் வேறு எதற்கும் பயன்படுத்தியதில்லை. பெட்டிக்குள் பிரெஞ்சுச் செய்தித்தாள் சுற்றிய எஞ்சின், ரயில் பெட்டிகள் மூன்று, வளைந்தும் நேராகவும் தகரத் தண்டவாளங்கள். எஞ்சினுக்கு நம் இருவரையும்விட வயது அதிகம்.

அப்போது நான் இருந்த இருப்பு உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, என்னிடம் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டவர் என் தலைக்கு மேலே அதிகாரியாக வந்து உட்கார்ந்த சமயம். படித்தவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான் என்று சொல்லி என் அண்ணன் நிலம் முழுவதையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டதும் அதே வருஷம்தான். ராத்திரியில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் தேய்ந்திருந்தது. நீ பெட்டியை மூடிக்கொண்டே சொன்னாய்: "உங்க ஆபீஸ்ல குடுக்கலன்னா இன்னா? நான் குடுக்குறேன் பிரமோஷன். செஞ்சி ஸ்டேஷன் மாஸ்டர்."

ரயில் பார்க்கவே திண்டிவனத்துக்கு பஸ் ஏற வேண்டிய ஊர் இது. இங்கே ஸ்டேஷன் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான். உங்க நைனாவும் எங்க அத்தாவும் ரயில் கேட்டு மனு போட்டே போய்ச் சேர்ந்துட்டாங்க, நாமளே போட்டுக்கலாம் என்று முடிவு செய்தாய். இந்தப் பேச்சு எப்படியோ ஆபீசுக்குப் போய்விட்டது. அந்த அதிகாரி எல்லோர் முன்னாலும், "இன்னா ஸ்டேஷன் மாஸ்டர், இன்னிக்கி வண்டி லேட்டா?" என்று கேட்டார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு மண்டி அடைத்திருக்கும். தொழுகை முடிந்து நீ நேராக மாடிக்கு வருவாய். சாரப் பலகைகளைச் சேர்த்து மேசை அடித்தோம். தண்டவாளம் போட்டதும் மலை வேண்டும் என்றாய். செஞ்சியில் மலை இல்லாமல் என்ன ஸ்டேஷன்? கிழிந்த கோணிகளை மைதாப் பசையில் தோய்த்து, மூங்கில் தப்பைகளின் மேல் போர்த்தி, கோட்டை மலையான ராஜகிரியைக் கட்டினோம். கடலை மண்டியின் மாடியில் மைதாப் பசை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் மலையின் மேற்குப் பக்கம் காணோம். தப்பைகள் மட்டும் நின்றன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். நீ மலையைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்து, "ராஜகிரிய சண்டையில யாராலயும் புடிக்க முடியாதுன்னு பாடம் நடத்துனியே எம்.ஏ., எலி புடிச்சிடுச்சு பாரு" என்றாய். பிறகு சிமெண்டுப் பாலில் தோய்த்துக் கட்டினோம். அது இன்றும் நிற்கிறது.

கரண்டு விஷயத்தில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. பகலில் சுற்றுப்பட்ட ஊர்களில் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் கடைத்தெருவில் குண்டு பல்பு மஞ்சளடித்துப் போகும். எஞ்சின் பலகையைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். நீ டிரான்ஸ்பார்மரைக் கொண்டுபோய் மோட்டார் காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து, "நம்மூரு கரண்டுக்குத் தக்கபடி சுத்திக் குடு" என்றாய். அவரும் அப்படியே சுற்றிக் கொடுத்துவிட்டார். மோட்டார் ஓடும் நேரத்து மங்கிய கரண்டில் எஞ்சின் அழகாக ஓடியது. ரெகுலேட்டரைக் கடைசிவரை திருப்பி, அந்த இடத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டாய். முழுக் கரண்டு வந்தால் என்ன ஆகும் என்று நான் ஒவ்வொரு வாரமும் கேட்டேன். "நம்மூர்ல என்னிக்கி வந்துருக்குது?" என்பாய்.

பிறகு உன் அண்ணன் மாடிக்கு வரும் வெள்ளிக்கிழமை வந்தது.

விதைக்கடலை போட அவருக்கு மாடியறை வேண்டியிருந்தது. இந்த விளையாட்டு அறையை அடைத்துக்கொண்டு இருக்கத் தகுமா என்று தானே பார்த்துச் சொல்வதாகச் சொல்லியனுப்பினார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. காலையிலிருந்தே மழை. தொண்டூர்ப் பக்கமெல்லாம் மோட்டார் போட ஆளில்லை. அறைக்குள் நுழைந்ததும் பல்பு வெள்ளையாக எரிவதைப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் நம் மேசையை நான் பார்த்ததே இல்லை. "பாய், கொறச்சு வை" என்று உன் காதில் சொன்னேன். அண்ணன் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி. நீ எனக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு ரெகுலேட்டரைக் கோடு வரைக்கும் திருப்பினாய்.

வண்டி ஸ்டேஷனை விட்டு ஒரே பாய்ச்சலில் கிளம்பியது. மலைக்குள் போய் மறுபக்கம் வந்தபோது வளைவில் திரும்பவில்லை. நேராக வந்தது. நான் கை நீட்டினேன். விரல் நுனியில் சூடாகப் பட்டுக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. முன்சக்கரம் ஒன்று பிஸ்கட் போல உடைந்து மேசைக்கு அடியில் சிதறியது.

அண்ணன் எழுந்தார். கைலியைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து சக்கரத் துண்டுகளைப் பொறுக்கி உன் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு, "உள்ள ஆளு யாரும் இல்லியே?" என்று கேட்டார்.

நீ சிரிக்கத் தொடங்கினாய். அவரும் சிரித்தார். அண்ணனும் தம்பியும் சுவரில் சாய்ந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணனோடு நான் அப்படிச் சிரித்ததில்லை, இனிமேலும் முடியாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் படியிறங்கும்போது, சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். அறை உண்டா இல்லையா என்பதற்கு அதுதான் அவர் சொன்ன கடைசி வார்த்தை. பல சீசன்கள் முடிந்துவிட்டன.

சக்கரத்துக்குப் பதில் பித்தளையில் ஒன்று கடைந்து போட்டாய். அதற்கு அடுத்த தையில், பாண்டிக்கு இன்னொரு பெட்டி வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். என்னைக் கூப்பிடாமல் போகிறாயே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். நீ போனது ஆஸ்பத்திரிக்கு. எனக்குத் தகவல் வந்தபோது உன்னை அடக்கம் செய்து கைமண்ணைக் கழுவிவிட்டிருந்தார்கள். உன் அண்ணன் வேண்டுமென்றே எனக்குச் சொல்லவில்லை என்று அன்று முடிவு செய்தேன். அவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் மாறிப் போனேன். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் மாடிக்கு, அவர் தொழுகையில் இருக்கும் நேரம் பார்த்து, திருடனைப் போல ஏறி வந்தேன்.

இதையெல்லாம் நினைத்து உட்கார்ந்திருந்ததில் ஆபீசுக்குத் திரும்பும் நேரம் தப்பிவிட்டது. கீழே ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. இனி ஒரு சீசன்கூட இந்தப் பயத்தோடு இருக்க முடியாது என்று பட்டது. இறங்கிப் போனேன். அண்ணன் தராசுக்குப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். நன்றாக நரைத்துவிட்டார். வணக்கம்கூடச் சொல்லாமல் சாவியை நீட்டினேன். அறை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எஞ்சினை யாருக்கு விற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

அவர் சாவியைப் பார்த்தார், தொடவில்லை. "யாரு கேட்டா?" என்றார்.

யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள், எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் மாறியது. கணக்குப்பிள்ளை இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான் சார். செவ்வாக்கெழம ஆவாதுன்னு ஒருத்தரும் மூட்ட அவுக்க மாட்டாங்க. சும்மா குந்தினு இருக்கணும். அப்ப மேல போவேன்."

"எத்தினி நாளா அண்ணே?"

"அவன் போனதுலேருந்து. நிறுத்தி வச்சா இறுகிப்பூடும்னு சொல்லுவான் இல்ல. எண்ண கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சா?"

அவரிடமும் ஒரு சாவி இருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றவில்லை. கட்டடத்துக்காரர் அவர். எப்போதும் நான் நிறுத்திய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவாராம். இந்த வாரம் கீழே லாரி வந்து யாரோ கூப்பிட்டதில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாராம். மழைக் காலத்தில் ரெகுலேட்டரைக் குறைத்து வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியும் சார், அன்னிக்கி நானும் பாத்தேனே என்றார்.

அப்போது கேட்டுவிட்டேன், நீ ஆஸ்பத்திரியில் இருப்பதை எனக்கு ஏன் சொல்லியனுப்பவில்லை என்று. சொல்லக் கூடாது என்று நீதான் தடுத்தாயாமே. எம்.ஏ. பயந்துடுவான், நல்லா ஆயி வந்து நானே சொல்லிக்கிறேன் என்றாயாமே. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவரிடம் கோபப்பட எனக்கு இனி ஒன்றும் பாக்கியில்லை. உன்னிடம் இருக்கிறது. நான் பயப்படுவேன் என்பதற்காக என்னை விட்டுவிட்டுப் போனதை நான் மன்னிக்கவில்லை. பயந்துகொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதானே. அது எனக்குப் பழகிய வேலை.

அண்ணன் என் கையைப் பிடித்துச் சாவியை விரல்களுக்குள் மூடினார். "வெள்ளிக்கெழம உங்களுது. செவ்வாக்கெழம மட்டும் வந்துடாதீங்க சார். கூட ஆள் இருந்தா எனக்குக் கூச்சமா இருக்குது." நான் தலையசைத்துவிட்டு வாசல் படியிறங்கினேன். அவர் மறுபடி கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும். மலைக்குள்ள பூந்துட்டா, வெளிய வர்ற வரைக்கும் நெஞ்சு பக்குபக்குன்னுது. எனக்கு மட்டும்தான் அப்பிடியா?"

எனக்கும் அப்படித்தான் என்றேன். அவர் நிம்மதியாகத் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறை போய்விடும் என்ற பயம் இன்றோடு தீர்ந்தது. அந்தப் பயம் இருந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், காலியாக இல்லை. செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நான் ஆபீசில் ஏதோ ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாலு கடை தள்ளி, ஒரு மாடியில், ஒருவர் தனியாக நின்றுகொண்டிருப்பார். வண்டி மலைக்குள் நுழைந்திருக்கும். அது வெளியே வந்துவிட்டதா என்று எனக்குச் சொல்ல ஆளில்லை.