கீரிமலையில் விட்ட எள்ளும் தண்ணீரும்

யாழ்ப்பாணம்,
9 மார்ச் 2025

யோகுக் கண்ணுக்கு, அக்கா எழுதுவது.

ஹூஸ்டனில் குளிர் விட்டதா? போனில் பேசினால் ஒவ்வொரு தெருவாகக் கேட்டு அழுவாய், அதனால்தான் ஈமெயில். "அண்ணா திரும்பி வராமல் அந்த மண்ணை மிதிக்கமாட்டன்" என்று நீ வீம்பாக உட்கார்ந்திருக்கிறாய். உன் ஊரை உனக்குப் பதில் கூடப்பிறக்காத இந்த அக்காவும் என் வீட்டுக்காரரும் சுற்றிப் பார்க்கிறோம்.

நூலகம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, வாசலில் சரஸ்வதி. எரிந்த கட்டடம் என்று சொன்னால்தான் தெரியும். கோட்டைக்குள் டச்சுக்காரன் கட்டிய சர்ச் மட்டும் கல் குவியலாகக் கிடக்கிறது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டு எனக்கே அசிங்கமாகப் போச்சு, அழித்துவிட்டேன். நேற்று நல்லூரில் நீ சொன்னபடி உன் அண்ணன் தயாபரன் பேருக்கு, ரேவதி நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தாயிற்று. சட்டையைக் கழற்றச் சொன்னதும் இவர் தொப்பையை மறைக்கப் பட்ட பாடு இருக்கிறதே!

இன்னொன்று. கோபப்படாதே சாமி. இன்று கீரிமலைக் கேணிக்குப் போனோம். இறந்தவர்களுக்கு அங்கே செய்வது விசேஷமாம். இவர் எங்க மாமனாருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். "வேற ஆருக்கும் விடுறதெண்டா பேரைச் சொல்லுங்கோ" என்றார் ஐயர். நான் உன் அண்ணன் பேரைச் சொல்லிவிட்டேன். போர் முடிந்து எத்தனை வருஷமாச்சு! நீ செய்யமாட்டாய். பிறகு யார்தான் அவரைக் கரையேற்றுவது?

உனக்குப் பனங்கட்டி, அதான் எங்க ஊர்க் கருப்பட்டி, வாங்கி வைத்திருக்கிறேன்.

பிரியமுடன்,
வசந்தாமணி அக்கா

ஹூஸ்டன்,
10 மார்ச் 2025

வசந்தாமணி அக்காவுக்கு,

நான் கேட்டது அர்ச்சனை. அது உயிரோடு இருக்கிறவருக்குச் செய்வது. முதல் நாள் அவர் ஆயுளுக்குக் கும்பிட்டுவிட்டு, மறுநாள் எள் இறைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

"விசாரிச்சிட்டு விடுறம்" என்று ஆமிக்காரர் அண்ணாவை பஸ்ஸில் ஏற்றினதை அம்மா கண்ணால் கண்டவ. மரணச் சான்றிதழ் தாறம் என்று வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினவ. அவ சாகும்மட்டும் சொல்லாத சொல்லை, ஊர் பார்க்கப் போன நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்களுக்கு அது கோட்டை, கோயில், கேணி. எனக்கு அங்கே ஒரு மனுஷன் இருக்கிறார்.

பனங்கட்டி வேண்டாம். வீட்டுக்கும் வரவேண்டாம்.

யோகராணி

சுகர்லேண்ட்,
23 மார்ச் 2025

யோகு,

திரும்பி வந்ததும் உன் வீட்டு வாசலில் நின்று பெல் அடித்தேன். கார் நின்றது, டிவி சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. ஹில்கிராஃப்ட் மளிகைக் கடையில் என்னைக் கண்டதும் எடுத்த சாமானை அப்படியே போட்டுவிட்டுப் போனாய். என் பிரசவத்துக்கு ஊரிலிருந்து வர என் அம்மாவுக்கு விசா கிடைக்காதபோது, கூடவே இருந்து பத்தியம் சமைத்துப் போட்டவள் நீ.

நல்லதென்றுதான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாலே கூசுகிறது. இங்கே கோயில் ஐயரிடம் போய், விட்டதைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று கேட்டேன். "அதெப்படிம்மா முடியும்?" என்று சிரித்துவிட்டார். இவரும் என்னைத் திட்டாத நாளில்லை. நீயும் நாலு வார்த்தை ஏசியாவது எழுதிப் போடு கண்ணு.

உன் அக்கா

ஹூஸ்டன்,
20 ஏப்ரல் 2025

அன்பின் அக்கா,

கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்று பொய் சொல்லவும் மாட்டேன்.

உங்கள் முதல் கடிதத்தை வாசித்த உடனே நான் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். யாரும் சொல்லவில்லை. சாவுச் செய்தி கேட்டால் குளிப்போமே, அப்படிக் கால் தானாகப் போனது. ஷவருக்குள் நின்று, அம்மா செத்தபோதும் அழாத அழுகை அழுதேன். அண்ணா வரமாட்டார் என்று எனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது அக்கா. அதனால்தான் உங்கள்மேல் இவ்வளவு கோபம்.

அவர் எந்த நாளில் போனார் என்று எங்களுக்குத் தெரியாது. கீரிமலையில் நீங்கள் செய்த அன்று என்ன திதி? ஐயரிடம் கேட்டு எழுதுங்கோ. அடுத்த வருஷம் நான் செய்யவேணும்.

யோகராணி