நீ ஓங்கிய கையை இறக்கிய மதியம்

இன்று காலை மேற்கு மாம்பலத்தில் நம் கேமிங் சென்டர் இருந்த கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் கவ்வி இழுத்ததும் மாடிச் சுவர் சரிந்து, தெரு முழுக்கச் சிமென்ட் தூசி. அந்த நெடி தொண்டையில் இறங்கியதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது.

அடையாற்றங்கரையில் உங்கள் வீட்டை இடித்த அன்று இதே தூசியோடுதான் நீ மாடியேறி வந்தாய். தலைமுடி, இமை எல்லாம் வெள்ளை. "பீரோவ வெளிய எடுக்கக்கூட உடல மச்சி" என்றாய். முகம்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "ஆளுங்கள சுடுற மாதிரி எதனா போடு" என்று கேட்டாய். நான் அந்த சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவன். நீ தி.நகர் ஜவுளிக்கடையில் மூட்டை இறக்குபவன். அன்று நான் போட்டுக்கொடுத்த விளையாட்டுதான் நம்மைச் சேர்த்துவைத்தது.

அணுகுண்டு விழுந்து உலகமே எரிந்து முடிந்த பிறகு நடக்கும் கதை அது. இடிபாடுகளுக்கு நடுவே தண்ணீருக்காக ஆளை ஆள் வெட்டிக்கொள்வார்கள். நம்மோடு துணைக்கு வர ஒரு பெண் உண்டு. ஒற்றைக் கண், தோளில் துப்பாக்கி. அவளுக்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர். நீ மேரியக்கா என்று கூப்பிட்டாய். நாம் செய்வதை எல்லாம் அவள் பார்த்துக்கொண்டே வருவாள். பிடித்தால் நெருங்குவாள், பிடிக்காவிட்டால் விலகுவாள்.

ஒரு கிராமத்தையே கொளுத்தியவனை நீ துரத்திப் பிடித்தாய். அவன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினான். நீ சுட்டுவிட்டாய். விழுந்த பிறகும் சுட்டாய். மேரியக்கா திரும்பி, புழுதிக்குள் நடக்க ஆரம்பித்தாள்.

"மச்சி, இன்னா மச்சி, போய்க்கினே கீறா!" என்று அலறினாய். "ஊரையே எரிச்சவன்டா அவன். அவனுக்காகவா?"

அவனைச் சுடுவதற்கு முந்தின இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்றேன். "செஞ்சது செஞ்சதுதான்" என்று மறுத்துவிட்டாய். அவள் இல்லாமலே பல வாரங்கள் விளையாடினாய். இடித்த வீட்டுக்குப் பதிலாக ஊர்க்கோடியில் உங்களுக்கு வீடு ஒதுக்கியிருந்தார்கள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வந்து, கடையில் மூட்டை இறக்கி, சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, விளையாட்டில் தாகத்தில் கிடந்தவனுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாய். ஒருநாள் மேரியக்கா திரும்பி வந்து, திரையில் நீ மூட்டியிருந்த நெருப்புக்கு எதிரே சும்மா உட்கார்ந்தாள். நீ போட்ட கூச்சலில் கீழே தையல் கடை அக்கா பயந்துபோய் மேலே ஓடி வந்தார்.

அந்த அக்காவைத்தான் பேட்டை ரவுடி சேகர் ஒருநாள் நடுத்தெருவில் அறைந்தான். அந்த ஏரியாவில் அவனை எதிர்த்து யாரும் வாய் திறப்பதில்லை. நான் போலீசுக்குப் போன் செய்தேன்.

போன் செய்தது நான் என்று தெரிந்து, மறுநாள் மதியம் அவன் இரண்டு பேரோடு கத்தி எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தான். முதல் வெட்டு என் தோளில் இறங்கியது. வலிக்கவில்லை, சூடாக மட்டும் இருந்தது. கண்ணாடி உடைந்து தரையெல்லாம் ரத்தம். படிக்கட்டில் உருண்டேன். அது உன் வார விடுமுறை. டீ வாங்கக் கீழே போயிருந்தாய். ஓடிவந்தவன் ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்து ஒருவன் முழங்காலை உடைத்தாய். இன்னொருவன் ஓடிவிட்டான். சேகரின் மணிக்கட்டில் அடித்தாய், கத்தி தெறித்தது. அவன் மல்லாந்து விழுந்தான். அவன் தலைக்கு மேலே கம்பியை ஓங்கினாய்.

"அடிடா! கொல்லுடா அவன!" என்று நான் கத்தினேன்.

அவன் இரண்டு கைகளையும் தூக்கினான். நீ கம்பியைத் தூர எறிந்துவிட்டு என்னை வாரித் தூக்கினாய்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஏன் விட்டாய் என்று. "மேரியக்கா கோச்சிக்கும்ல" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. "கேம்ல சுட்டப்ப கை ஆடல மச்சி. இங்க ஆடிச்சி. அவன் மூஞ்சி ரொம்ப கிட்ட இருந்திச்சி."

ஜாமீனில் வந்த சேகர் தி.நகர் பஸ் ஸ்டாண்டில் உனக்காகக் காத்திருந்தான். காலை நேரக் கூட்டம். தோள்கட்டோடு நான் எதிர்ப்பக்கம் உன்னை எதிர்பார்த்து நின்றேன். நீ பஸ்ஸிலிருந்து இறங்கினாய். முதல் வெட்டைச் சாப்பாட்டுப் பையால் தடுத்தாய். டப்பா பிளந்து சோறு சிதறியது. இரண்டாவது கழுத்தில். நான் ரோட்டைக் கடப்பதற்குள் இன்னும் எத்தனையோ. சுற்றி நின்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். உன் தலையை மடியில் வைத்தேன். என் சட்டைக் கைக்குள் உன் ரத்தம் வழிந்து முழங்கைவரை ஓடியது.

கோர்ட்டில் அவன் வக்கீல், "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். "கூட்டாளி" என்றேன். "எந்த அடிதடியில் கூட்டாளி?" என்றார். உன்னை ரவுடியாக்கிக் காட்டுவதுதான் அவருக்கு வேலை. நான் அந்த மதியத்தைச் சொன்னேன். "அவனால கொன்னிருக்க முடியும் ஐயா. கம்பி கையில இருந்துது. கொல்லல." நீதிபதி தலை நிமிர்ந்து, மறுபடி சொல்லச் சொன்னார். சேகருக்கு ஆயுள் தண்டனை.

இடிக்கும் இடத்திலிருந்து நேராக உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். தட்டில் சோறு வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"அன்னிக்கே எம்புள்ள அவன அடிச்சி போட்டிருந்தா ஜெயிலுக்குப் போயிருப்பான். ஆனா உசுரோட இருந்திருப்பான்ல நைனா?"

"இருந்திருப்பாம்மா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "நானும் அடிடான்னுதான் கத்துனேன். அவன் அடிக்கல."

"அடிக்க முடியலியா, மனசு வரலியா?"

"மனசு வரல."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு, "இத கோர்ட்ல எல்லார் முன்னாலயும் சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். தலையசைத்துக்கொண்டே தட்டை எடுத்துப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் உன் அம்மா கேட்டதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த மதியம் திரும்ப வந்தாலும் நான் அப்படித்தான் கத்துவேன். எனக்கு நீ உயிரோடு வேண்டும். நீயோ, மறுபடியும் கையை இறக்கத்தான் போகிறாய். உன்னைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.