பாட்டுக்கு நடுவே சங்கு

அன்புள்ள நைனாவுக்கு,

அங்கே நீங்களும் அம்மாவும் சுகம்தானே? போனில் நான் கத்துவது உங்கள் காதுக்கு எட்டவில்லை, அதனால் எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு லீவில், என்னோடு வேலை செய்கிற கல்பனாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பழைய குடோனில் நடந்த கச்சேரிக்குப் போனேன். சினிமாப் பாட்டே பாடாத சின்ன பேண்டு அது. தகரத்தைத் தட்டியும் டிரில் மெஷினை ஓட்டியும் வாசிப்பார்கள். இதற்காக மாதம் முழுக்கக் காத்திருந்தேன். பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில், ஸ்பீக்கரில் எங்கள் கம்பெனியில் ஷிப்ட்டுக்கு ஊதுகிற மாதிரியே ஒரு சங்கை ஊதவிட்டார்கள். நாங்கள் இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டோம். கேட்டைத் தாண்டிய பிறகுதான் கல்பனா, "இன்னாடி, இன்னிக்கு லீவாச்சே!" என்றாள். திரும்பினால் வாசலில் நின்றவர், "வெளிய போனா போனதுதான்மா, மறுபடி வுட மாட்டோம்" என்றுவிட்டார். உள்ளே ஒரே கைதட்டல். எனக்கு அப்படி ஒரு எரிச்சல். லீவு நாளில்கூட என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நைனா.

தேங்காய் எண்ணெயும் என் பழைய போர்வையும் வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே கொண்டுவாருங்கள்.

சங்கு ஊதுகிறது. இது நிஜச் சங்கு. ஓடுகிறேன்.

அஸ்வினி